தகடூரிலிருந்து இரண்டு தூதுகள்

புறநானூற்றின் 95-ஆவது பாட்டைப் பாடப் புத்தகத்தில் ஒரு தடவையாவது சந்திக்காதவர்கள் நம்மில் குறைவாகத்தான் இருப்பார்கள். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்புகிறான். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டுகிறான். பீலியும் மாலையும் சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் பத்திரமாக வைத்திருக்கும் வேல்கள். ஔவையார் அவற்றைப் பார்க்கிறார். உன் ஆயுதங்கள் இவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பாட்டின் விஷயம் அவ்வளவுதான்.

இதைச் சமாதானப் பாட்டு என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். ஒரு பெண் புலவர் நாலு வார்த்தையால் யுத்தத்தை நிறுத்தினார் என்று நாமும் சந்தோஷப்படுகிறோம். அந்தச் சந்தோஷத்தில் என்னால் முழு மனதோடு கலந்துகொள்ள முடிந்ததில்லை. யுத்தம் நின்றதாகப் பாட்டில் ஒரு சொல்லும் கிடையாது. பழைய தொகுப்பாளர்கள் இதற்கு வாண்மங்கலம் என்று துறை வகுத்திருக்கிறார்கள். அதாவது, வாளுக்கு மங்கலம் பாடுவது. அவர்கள் ஏமாறவில்லை. எங்கள் வேல் முறிந்திருக்கிறது, ஏனென்றால் அது குத்தியிருக்கிறது. உன் வேல் பளபளக்கிறது, ஏனென்றால் அதற்கு வேலை தெரியாது. இதுதான் தூதின் சாரம். மிகவும் நாசூக்கான பயமுறுத்தல். இந்தக் காலத்து ராஜதந்திரிகள் இதற்குப் பெரிய பெரிய பெயர்களெல்லாம் வைத்திருக்கிறார்கள். பலத்தைக் காட்டி எதிரியை அடங்கியிருக்கச் செய்வது என்று நாம் சொன்னால் போதும்.

அந்தக் கொள்கை தகடூரைக் காப்பாற்றவும் இல்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்று அழித்தான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் அந்த வெற்றியைப் பாடியிருக்கிறார். அஞ்சி இறந்தபோது கையறுநிலை பாடியவர் ஔவையார்தான். புறநானூற்றில் அது 235-ஆவது பாட்டு. தூது சொன்ன வாயாலேயே ஒப்பாரியும் சொல்ல நேர்ந்தது. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்படி நம் பாடப் புத்தகங்கள் ஏற்பாடு செய்திருந்தால், பிள்ளைகள் ஆயுதசாலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்தச் சீமையிலிருந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் கழித்து, இன்னொருவர் ஆயுதசாலையின் சொந்தக்காரரிடம் தூது போனார். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்த ராஜாஜிதான் அவர். அவர் பிறந்தபோது தொரப்பள்ளி சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965-ல் தருமபுரி ஜில்லா ஏற்பட்டபோது அதில் சேர்ந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரிந்ததும் அதற்குப் போயிற்று. ஜில்லாவின் பெயர்ப் பலகை மாறினாலும் ராகி விளையும் அந்த வறண்ட பூமி ஒன்றுதான். 1962 செப்டம்பர் 28-ஆம் தேதி, 83 வயதில், வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடிக்கு எதிரே உட்கார்ந்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று அவர் வாதாடினார். காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் கூடப் போயிருந்தார்கள். குறித்த நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது.

ராஜாஜியின் அரசியலை எடைபோட இங்கே நான் வரவில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், தராசுகளும் ஏராளம். எழுத்தாளர் ராஜாஜியைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதிய ராஜாஜியை வீட்டுக்கு வீடு படித்தார்கள். 1958-ல் சாகித்திய அகாடமி பரிசும் கிடைத்தது. சிறுகதைக்காரர் ராஜாஜியை விமர்சகர்கள் பாதி மனதோடு ஒப்புக்கொண்டார்கள். அணுகுண்டைப் பற்றி எழுதிய ராஜாஜியை யாரும் இலக்கியமாக எடுத்துக்கொண்டு படித்ததாகத் தெரியவில்லை. கிழவருடைய பிடிவாதம் என்று ஒதுக்கினவர்கள் உண்டு. மகானுடைய வாக்கு என்று கும்பிட்டவர்கள் உண்டு. இரண்டு பேரும் படிக்காமல் தப்பித்துக்கொண்டவர்கள்தான்.

எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 1954 மார்ச் 1-ஆம் தேதி பசிபிக் சமுத்திரத்தில் பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அதன் சக்தி 15 மெகாடன். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு அதிகமாக அது வெடித்தது. எச்சரித்த எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகப் பெய்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர்; ஒருவர் அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். யுத்தமே இல்லாத காலத்தில், யாருக்கும் விரோதியாக இல்லாத மனிதர்கள் யுத்தத்தில் அடிபட்டார்கள். சோதனைகளை நிறுத்திவைக்கும்படி ஏப்ரல் மாதத்திலேயே நேரு கேட்டுக்கொண்டார். அதே மாதம் சென்னை முதல் மந்திரிப் பதவியை விட்டு விலகிய ராஜாஜி, அந்த ஆண்டுக்குள்ளேயே நேருவையும் தாண்டிப் போனார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ருஷ்யா என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிராமல், ஒப்பந்தத்துக்குக் காத்திராமல், அமெரிக்கா தானாகவே குண்டைத் துறந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்த வாதத்தின் வேர் வாஷிங்டனிலும் இல்லை, மாஸ்கோவிலும் இல்லை. சேலம் ஜில்லாவில் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்துக் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-ல் 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார் ராஜாஜி. கல்கி அதில் அவருக்கு உதவியாளராக இருந்தார். பத்திரிகைக்கு ஒரே விஷயம், மதுவிலக்கு. குடிகாரனிடம் போய், பக்கத்து வீட்டுக்காரனும் நீயும் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரே நாளில் குடியை விடுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. நீ விடு, முதலில் நீ கீழே வை என்றுதான் சொல்கிறோம். 1937-ல் சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக வந்தவுடன் அவர் இதைச் சட்டமாகவும் செய்தார். ராஜதானி முழுவதும் தயாராகட்டும் என்று காத்திருக்கவில்லை. அக்டோபர் 1-ஆம் தேதி தம் சொந்த ஜில்லாவான சேலத்தில் மட்டும் கடைகளை மூடினார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் எல்லாம் அதற்குள் அடக்கம். அடுத்த ஆண்டு சித்தூரும் கடப்பையும் சேர்ந்தன. அதற்கும் அடுத்த ஆண்டு வட ஆர்க்காடு சேர்ந்தது. ஒருவர் கீழே வைத்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்ற நம்பிக்கை அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. கண்ணால் கண்டது.

எழுத்திலும் இதே முறைதான். ராஜாஜியின் வசனத்தில் அலங்காரம் தேடினால் ஏமாந்துபோவோம். வக்கீல் எழுதும் தமிழ், ஆனால் கோர்ட்டு வக்கீலின் தமிழ் அல்ல. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்சிக்காரனுக்கு நிலைமையை விளக்கும் வக்கீலின் தமிழ். ஒரு வாக்கியத்தில் ஒரு சங்கதி. அதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியும். நாலாவது வாக்கியத்தில் நாம் மாட்டிக்கொண்டிருப்போம். ஆங்கிலத்தில் அவர் எழுதிய சமாதானக் கட்டுரைகளும் இப்படியே நடக்கின்றன. கோபம் கிடையாது, அழுகை கிடையாது, குழந்தைகளின் எலும்பில் சேரும் விஷத்தைப் பற்றிச் சொல்லும்போதுகூடக் குரல் உயர்வதில்லை. உலகம் முழுவதும் அணுகுண்டைப் பற்றி அலறி எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இந்த அடக்கம் பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. ராஜாஜியின் மதுவிலக்குக் கதைகளில் 'திக்கற்ற பார்வதி' முதலாகக் குடிப்பவன் வருகிறான், அவனால் நாசமாகும் குடும்பம் வருகிறது. பக்கத்து ஊர்க் கடைக்காரன் மனிதனாக வருவதில்லை. வந்தாலும் அவன் மனதுக்குள் நாம் போவதில்லை. அணுகுண்டுக் கட்டுரைகளிலும் அதே குறை. அமெரிக்கா என்ற ஒரே பாத்திரத்தின் மனச்சாட்சியோடு ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார். எதிரே நிற்கும் ருஷ்யன் என்ன நினைப்பான், எதற்குப் பயப்படுவான், எதற்கு ஆசைப்படுவான் என்பது மேடைக்கு வெளியே நடக்கிறது. ஓசூரிலிருந்து மைசூர் எல்லை எட்டிப் பிடிக்கும் தூரம். 1937-ல் இந்தப் பக்கத்துக் கடைகள் மூடியபோது, அந்தப் பக்கம் மதுவிலக்கு கிடையாது. எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு எல்லைக்கு அப்பால் இருக்கும் கடையின் நினைவு இவ்வளவு குறைவாக இருந்தது ஆச்சரியம்தான்.

இதைவிடச் சூட்சுமமான ஓர் உதாரணம் சொல்கிறேன். வியாச பாரதத்தில் சௌப்திக பர்வத்தின் முடிவில் ஒரு காட்சி. தூங்குகிறவர்களைக் கொன்றுவிட்டு ஓடிய அசுவத்தாமன், பாண்டவர்கள் துரத்திவந்ததும் ஒரு புல்லை எடுத்துப் பிரம்மசிரஸ் என்ற அஸ்திரத்தை ஏவுகிறான். அதைத் தணிப்பதற்காக அர்ஜுனன் தன்னுடையதையும் ஏவுகிறான். இரண்டும் மோதினால் உலகமே எரிந்துபோகும். வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நிற்கிறார்கள். அர்ஜுனன் தன் அஸ்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். அசுவத்தாமனுக்கு ஏவத் தெரியும், திருப்பத் தெரியாது. கடைசியில் அது பாண்டவர் வீட்டுப் பெண்களின் கருவை நோக்கிப் போகிறது. கண்ணன் இல்லாவிட்டால் பரீட்சித்து இல்லை.

அணுயுகத்தைப் பற்றி யோசிக்கிறவனுக்கு இதைவிடச் சிறந்த கதை எந்த பாஷையிலும் கிடைக்காது. 1951-ல் வெளிவந்த ராஜாஜியின் ஆங்கில மகாபாரதத்தில் இந்தக் கட்டம் சுருங்கிவிடுகிறது. அசுவத்தாமன் புல்லை மந்திரித்து விடுகிறான், அது உத்தரையின் கருவைத் தேடிப் போகிறது, கண்ணன் காப்பாற்றுகிறான். அர்ஜுனன் அஸ்திரம் விட்டதும் இல்லை, திருப்பினதும் இல்லை. இதிகாசத்தைச் சுருக்குகிறவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் பிகினியில் என்ன வெடிக்கும் என்று அவருக்கு ஜோசியம் தெரியாது. ஆனாலும் அவர் பிறகு உலகத்துக்குச் சொன்ன வாதம் முழுவதும் அந்த விட்டுப்போன காட்சியில்தான் இருக்கிறது. அந்த வாதத்துக்கான பதிலும் அதே காட்சியில் இருக்கிறது. முதலில் திருப்பியவன் தர்மத்தில் நின்றான். அவன் வம்சத்தின் மேல்தான் அடி விழுந்தது. 1954-க்குப் பிறகு இந்தக் காட்சியை எடுத்து வைத்துக்கொண்டு ராஜாஜி ஒரு கட்டுரை எழுதியிருந்தால், தம்முடைய கட்சிக்கு எதிரான சாட்சியைத் தாமே கூண்டில் ஏற்றியிருப்பார். அது அவருடைய மிகச் சிறந்த எழுத்தாக இருந்திருக்கும்.

நடந்ததைப் பார்ப்போம். ராஜாஜி கென்னடியைப் பார்த்துப் பதினெட்டு நாள் ஆவதற்குள், அக்டோபர் 16-ஆம் தேதி, கியூபாவில் ருஷ்ய ஏவுகணைகள் இறங்கியிருக்கும் படங்களை ஜனாதிபதியின் மேஜையில் வைத்தார்கள். 28-ஆம் தேதி வரையில் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதே சமயத்தில், 20-ஆம் தேதி, சீனப் படைகள் இமயத்தில் இறங்கின. ஒரு மாதத்துக்குள் நேருவே கென்னடிக்கு எழுதி விமான உதவி கேட்கும்படி ஆயிற்று. ராஜாஜி 1959-ல் ஆரம்பித்த சுதந்திராக் கட்சியோ, எந்தப் பக்கமும் சேராத கொள்கையைக் கைவிட்டு மேல்நாடுகளோடு நெருங்கிக்கொள்ள வேண்டும் என்று வாதாடிற்று. அமெரிக்கா குண்டைத் துறக்க வேண்டும், நாம் அமெரிக்காவின் பலத்தை அண்ட வேண்டும். இந்த இரண்டும் ஒரே மனிதரின் மேஜையில் எப்படி இருந்தன என்று கேட்டால், குண்டு வேறு, கூட்டு வேறு என்று சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிடலாம். சாமர்த்தியமான பதில்தான். எனக்குத் திருப்தி தரவில்லை. அமெரிக்காவின் நிழல் குளிர்ச்சியாக இருந்ததற்கு அந்தக் குண்டும் ஒரு காரணம் அல்லவா?

இவ்வளவும் சொன்ன பிறகு, அவருடைய வாதம் தோற்றுப்போனதென்று முடிவு கட்ட முடியுமா என்றால், சரித்திரம் குறுக்கே வந்து கையைப் பிடிக்கிறது. 1963 ஜூன் 10-ஆம் தேதி கென்னடி ஒரு சர்வகலாசாலையில் பேசும்போது, மற்றவர்கள் செய்யாத வரையில் அமெரிக்கா ஆகாயத்தில் அணுச் சோதனை செய்யாது என்று தானாகவே அறிவித்தார். ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள், ஆகஸ்டு 5-ஆம் தேதி, மாஸ்கோவில் ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. தொரப்பள்ளிக்காரர் சொன்னதைக் கேட்டுத்தான் கென்னடி செய்தார் என்று நான் சொல்லவில்லை. கியூபா கற்பித்த பாடம் பெரியது. ஆனால் செய்த விதம் ராஜாஜி சொன்ன விதம்.

இன்னொன்று. 1991 செப்டம்பர் 27-ஆம் தேதி ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், பெரியவர், வெளிநாடுகளில் தரைப்படை வைத்திருந்த குறுகிய தூர அணு ஆயுதங்களையும், கப்பல்களில் வைத்திருந்தவற்றையும் அமெரிக்கா தானாகவே திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்று சொன்னார். பேச்சு வார்த்தை கிடையாது, கையெழுத்துக் கிடையாது. எட்டே நாளில், அக்டோபர் 5-ஆம் தேதி, கோர்பச்சேவ் பதிலுக்குத் தம் பக்கத்தில் அதேபோல் அறிவித்தார். ராஜாஜி வாஷிங்டனில் பேசி இருபத்தொன்பது வருஷம் நிறைய ஒரு நாள் பாக்கி. அவர் இறந்தது 1972-ல், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

எதிர்க்கட்சிச் சாட்சியும் உண்டு. அதை மறைத்தால் நானும் அர்ஜுனனை விட்டுவிட்டுக் கதை சொன்னவனாவேன். தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகள் செய்து, தானே பிரித்துப் போட்டுவிட்டு, 1993-ல் உலகத்துக்குச் சொல்லிற்று. அதற்கு ஒரு கெடுதலும் நேரவில்லை. உக்ரேன் தன் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளை ருஷ்யாவிடம் ஒப்படைக்கச் சம்மதித்து, 1994-ல் அமெரிக்கா, பிரிட்டன், ருஷ்யா மூன்றினிடமும் எல்லைக்கு உறுதிமொழி வாங்கிக்கொண்டது. அந்தக் குண்டுகளை ஏவும் சாவி அதன் கையில் இருந்ததில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 2014-லும் 2022-லும் உறுதிமொழி கொடுத்தவர்களில் ஒருவரே படையெடுத்து வந்தார். உத்தரையின் கரு இன்னும் எரிகிறது, கண்ணனைக் காணோம்.

அப்படியானால் ராஜாஜியின் தூதுக்கு என்ன மதிப்பு? எனக்குத் தோன்றுவது இது. கீழே வை என்ற வார்த்தையை யாரிடம் சொல்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. பலவீனனிடம் சொன்னால் அது அவனைப் பலியாக்குவது. ஆயுதசாலையே வீடாகக் கொண்டவனிடம் சொன்னால், ஒரு பகுதியைக் கீழே வைத்தாலும் அவன் சாகமாட்டான். 1963-லும் 1991-லும் முதலில் வைத்தவன் பலவான். அதனால்தான் எதிராளியும் நம்பினான். ராஜாஜி நேரே தொண்டைமானிடம் போய்ச் சொன்னார். குண்டு வைத்திராத தேசங்களுக்கு அவர் உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. இந்த ஒரு தெளிவுக்காகவே அவருடைய கடிதங்களைப் படிக்கலாம்.

பலவானுக்கு முதலில் அசைவது கஷ்டம் என்ற சாக்கும் எடுபடாது. உலக சமாதான விஷயத்தில் அமெரிக்கா தனியாக அசைந்த சந்தர்ப்பங்கள் எத்தனையோ. ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்திலிருந்து 2002-ல் தனியாக விலகிற்று. நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தத்திலிருந்து, ருஷ்யா மீறிவிட்டதென்று சொல்லி, 2019-ல் விலகிற்று. 1996-ல் தான் கையெழுத்திட்ட முழுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை அதன் செனட் 1999-ல் நிராகரித்தது. ருஷ்யாவும் அதையே உதாரணம் காட்டி, தான் கொடுத்திருந்த அங்கீகாரத்தை 2023-ல் வாபஸ் வாங்கிற்று. ஒப்பந்தத்தை விட்டுத் தனியாகப் போகத் தைரியம் இருக்கிற தேசம், ஆயுதத்தை விட்டுத் தனியாகப் போகும்போது மட்டும் துணைக்கு ஆள் தேடுகிறது.

நம்மையும் சும்மா விட முடியாது. 1971 டிசம்பரில் எண்டர்பிரைஸ் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பி அமெரிக்கா நம்மை மிரட்டிப் பார்த்தது. 1974-லும் 1998-லும் நாமும் குண்டு வெடித்து, நெய் பூசிய வேல்களுக்கு ஒரு கொட்டில் கட்டிக்கொண்டோம். 1998-க்குப் பிறகு, இனிச் சோதனை செய்யமாட்டோம், முதலில் பிரயோகிக்கவும் மாட்டோம் என்று நாமாகவே சொல்லியிருக்கிறோம். யாரோடும் ஒப்பந்தம் போட்டுச் சொன்ன வார்த்தை அல்ல. ராஜாஜியின் பாதையில் ஓர் அடி என்று அதைச் சொல்லலாம். மறு காலை எடுத்து வைக்க இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஔவையாரின் பாட்டுக் கவிதை. ராஜாஜியின் கடிதங்கள் கவிதை இல்லை. கவிதை என்ற அளவில் அவற்றை ஒப்பிடுவது அசட்டுத்தனம். ஆனால் ஔவையார் தம் அரசனுடைய முறிந்த வேல்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். ராஜாஜிக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு வேலும் இல்லை. ஒரு ஜில்லாவில் கள்ளுக்கடை மூடின அனுபவம் மட்டும் இருந்தது. அந்த அனுபவத்தைப் பெரிதாக நம்பினார். 1971-ல் அதுவும் கரைந்தது. மதுவிலக்கை நீக்க வேண்டாம் என்று, 92 வயதில், அப்போது முதலமைச்சராக இருந்த கருணாநிதியின் வீடு தேடிப் போய்க் கேட்டார். கேட்டும் கடைகள் திறந்தன. முதலில் கீழே வைத்த ஜில்லாவே மறுபடி கையில் எடுத்துக்கொண்டது.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டை சர்க்கார் நினைவு இல்லமாக்கிக் காப்பாற்றி வருகிறது. நல்ல காரியம். அணுகுண்டைப் பற்றி அவர் எழுதியவற்றை நல்ல தமிழில் ஒரே புத்தகமாக்கி, குறைகளைச் சொல்லும் ஒரு முன்னுரையோடு, அவருடைய கதைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்ல காரியமாக இருக்கும். படிக்கிறவர்கள் அவரோடு சண்டை போடட்டும். கும்பிட்டு ஒதுக்குவதைக் காட்டிலும் அந்த வக்கீலுக்கு அதுதான் மரியாதை.